தொண்டும் முறையும்: ஊவாத் தோட்டப் பள்ளிகளை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

தொண்டு என்பது வேறு. முறை என்பது வேறு. இவ்விரண்டனையும் ஒன்றென மயங்குவார் பலர். பசித்தோனுக்குச் சோறிடுதல் தொண்டு. அவன் உழைப்பிற்குரிய கூலியை அவனுக்குப் பெற்றுத் தருதல் முறை. கன்றிழந்த பசுவின் பொருட்டுத் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்ட சோழன் செய்தது முறை. உழவாரப்படை ஏந்திக் கோயில் முன்றிலிற் புல் செதுக்கிய நாவுக்கரசர் செய்தது தொண்டு. இரண்டும் உயர்ந்தனவே, எனினும் ஒன்று மற்றொன்றன் இடத்தை நிரப்பாது. கோயில் முன்றில் எத்துணைத் தூய்மையாக இருப்பினும், ஆராய்ச்சி மணி அசைந்தவழி அரசன் எழுந்து வருதல் வேண்டும்.

கிறித்தவ நம்பிக்கையே பள்ளிகளில் தொண்டிற்கும் சமூக நீதிக்கும் நிலைக்களன் என்பது, இலங்கையின் மிஷன் கல்லூரி விழா மேடைகளில் வழிவழியாக ஒலித்து வரும் கூற்று. இதனை மறுப்பார், ‘மதம் மாற்றவே பள்ளி வைத்தனர்’ என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவர். உடன்படுவார், நிறுவிய பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் அடுக்கிக் காட்டி வாதம் முற்றியது என்பர். இரண்டும் ஆராய்ச்சியாகா. ஒரு கொள்கையின் வலிமை, அதனைக் கொண்டாடுவார் மிக்குள்ள நகரங்களிற் புலனாவதன்று. அதனால் உயர்த்தப்பட வேண்டியோர் மிக்குள்ள இடத்திலேயே புலனாவது. அவ்வகையில் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்கள், சிறப்பாக மடுல்சீமைப் பகுதி, உரைகல்லாகக் கொள்ளத்தக்கன.

பதுளையிலிருந்து பசறை வழியே ஏறிச் செல்லும் சாலை மடுல்சீமை மலைகளை அடைகிறது. அம்மலைகள் கீழ்த்திசையிற் செங்குத்தாக இறங்கிப் பிபிலைப் பக்கத்துத் தாழ்நிலங்களை நோக்குவன. ‘சீமா’ என்பது எல்லையைக் குறிக்கும் வடசொல். ஊர்ப் பெயரின் ஈற்றில் நின்ற அச்சொல்லைத் தமிழ்த் தொழிலாளர் தம் செவிக்கேற்பச் ‘சீமை’ ஆக்கிக் கொண்டனர். துரைமார் பிறந்த நாட்டிற்கும் அவர் வைத்திருந்த பெயர் சீமையே. ஒரு சீமையிலிருந்து வந்தவன் ஆள, மற்றொரு சீமையில் உழைத்தவன் வாழ்வு கழிந்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924ஆம் ஆண்டில். அதன் பின்னரும் பட்டாவத்தை, ரோபேரி முதலிய தோட்டங்கட்கு உலகம் என்பது மலையடிவாரத்தில் எங்கோ கிடந்த ஒன்றாகவே இருந்தது. இத்தகைய இடத்திற்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்தவர் யாவர் என்று வினவுதல் வேண்டும்.

தமிழறிந்தோர் எவரும் அங்கு இல்லை என்பதன்று. கங்காணியின் ஆதரவில், எழுத்தறிந்த ஒருவர் லயத்து வாசலில் மாலை வேளையிற் சிறுவர் சிலரைக் கூட்டி அரிச்சுவடியும் எண்சுவடியும் ஓதுவித்த ‘லயன் பள்ளி’கள் பல தோட்டங்களில் இருந்தன. புராணப் படிப்பும் கூத்துப் பாட்டும் அவ்வழியே காக்கப்பட்டன. ஆயினும் அமைப்பொன்றன் துணையோடு தொழிலாளரை நாடிச் சென்றோர் கிறித்தவ ஊழியரே என்பதை ஒப்புக்கொள்ளுதல் கடன். காப்பிப் பயிர் ஓங்கியிருந்த 1854ஆம் ஆண்டிற் கண்டி மலைநாட்டில் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோன்றியது. தோட்டத் துரைமார் பொருளுதவினர். திருநெல்வேலித் திருச்சபையினின்றும் உபதேசிமார் வந்தனர். பின்னர் 1880களிற் சாமுவேல் லாங்டன் என்னும் மெதடிஸ்தப் போதகர் ஊவா மிஷனைத் தொடங்கிப் பள்ளிகளும் இல்லங்களும் அமைத்தார். திருநெல்வேலி உபதேசியார் பலர், தாம் யாருக்குக் கற்பித்தனரோ அவர்தம் ஊர்களையும் சாதிகளையும் அறிந்தவர். அவர்தம் பேச்சிலேயே பேசியவர். மலேரியாவும் அட்டையும் நிறைந்த பாதையில் தோட்டந்தோட்டமாக நடந்து சென்றவர். அவர்தம் உழைப்பை எள்ளுவார் நன்றி மறந்தவராவர்.

எனினும் அந்த மிஷனின் பெயரைச் சற்றே நின்று நோக்குதல் தகும். ‘கூலி’ என்னும் சொல் தமிழில் உழைப்பின் பயனைக் குறிப்பது. ஆங்கிலேயர் வாயில் அஃது உழைக்கும் மனிதனையே குறிக்கலாயிற்று. ஒருவன் பெறவேண்டிய பொருளின் பெயரையே அவனுக்கு இட்டு, பொருளை மட்டும் குறைத்துக் கொடுத்தது அக்காலம். கடவுளின் சாயலில் மனிதன் படைக்கப்பட்டான் என்று போதிக்க வந்த இயக்கமும் அப்பெயரைத் தன் முகப்பிலேயே பொறித்துக் கொண்டது. உள்நோக்கம் யாதுமின்றியே அஃது நிகழ்ந்திருக்கலாம். உள்நோக்கமின்றி நிகழ்ந்தது என்பதே கவலைக்குரியது. பதுளை நகரின் நடுவே உள்ள புனித மாற்கு ஆலயமும் இவ்வகையில் ஒரு பாடம். 1845இல் அப்புத்தளையில் இடி வீழ்ந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது அது. ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டவர் எனப் பெயர் பெற்றவர் அவர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடந்து வந்த வழியிற் காய்ச்சலாலும் பசியாலும் வீழ்ந்த தொழிலாளர்க்கு அக்காலத்தவர் எழுப்பிய ஆலயம் ஒன்றும் இல்லை.

இனி, தோட்டப் பள்ளியின் கட்டமைப்பை ஆராய்வாம். 1869 முதற் காப்பியைக் கெடுத்த இலைநோய்க்குப் பின் தேயிலை பரவியது. காப்பிக்குப் பருவத்தில் மட்டுமே ஆட்கள் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும், பெண்களும் வேண்டும். எனவே குடும்பங்கள் நிலைபெற்றன, குழந்தைகள் பெருகின. தாய் கொழுந்து பறிக்கும் பொழுதிற் குழந்தையை வைத்திருக்கப் பிள்ளைமடுவமும், சற்று வளர்ந்த பிள்ளையை வைத்திருக்கப் பள்ளிக்கூடமும் தோட்டத்திற்கே தேவையாயின. 1907ஆம் ஆண்டுச் சட்டமும் 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகட்குத் தாய்மொழிக் கல்வி அளித்தலைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கின. கட்டடமும் துரைக்கு உரியது; சம்பளமும் துரையின் கையிலிருந்து வந்தது; ஆசிரியர் குடியிருந்த காம்பராவும் துரை கொடுத்தது. ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர், ஐந்து வகுப்பு. அவ்வாசிரியர் பக்தி மிக்க கிறித்தவராயினும் திருநீறணிந்த சைவராயினும், பெரட்டுக்களத்திற் கணக்குப் பிசகி ஒருவனுக்கு அநீதி நேர்ந்தவிடத்து வாய்திறக்க இயலாதவராகவே நிறுத்தப்பட்டிருந்தார். நம்பிக்கை எதுவாயினும் காம்பராவின் திறவுகோல் பிறன் கையிலிருந்தது.

மிஷன் தொண்டின் குறை ஈண்டுத்தான் உள்ளது. துரையின் இசைவில்லாமல் உபதேசியார் தோட்டத்து எல்லையைக் கடத்தல் அரிது. இசைவு பெற்று உள்ளே வந்தவர், இசைவு கொடுத்தவனை வினாவுதல் அதனினும் அரிது. ஆகவே எழுத்துக் கற்பித்தார், மருந்து கொடுத்தார், குடியை விடச் சொன்னார். துண்டு முறையைப் பற்றியோ, கங்காணியின் தலைக்காசைப் பற்றியோ, கடன் சுமையைப் பற்றியோ பேசுதல் அவர்தம் பணியின் எல்லைக்குப் புறம்பாயிற்று. துண்டு முறை 1921இல் ஒழிந்தது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927இல் வந்தது. இவற்றிற்குப் பின்னே இந்திய அரசின் வற்புறுத்தலும், சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் 1915 முதல் நிறுவிய சங்கங்களின் கிளர்ச்சியும் இருந்தன. 1931இற் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அருணாசலமும் நடேசையரும் கிறித்தவர் அல்லர். இவ்வுண்மை ஒன்றே, கிறித்தவ நம்பிக்கையின்றிச் சமூக நீதிக்கு அடிப்படையில்லை என்னும் வாதத்தைத் தளர்த்தப் போதுமானது.

தளர்த்துதல் வேறு, வீழ்த்துதல் வேறு. இரண்டாவதைச் செய்ய முனைவோர் அச்சமயத்தின் நூலையே ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. மத்தேயு எழுதிய சுவிசேடத்தின் இருபதாம் அதிகாரத்தில் ஓர் உவமை வருகிறது. திராட்சத் தோட்டத்து உடையவன் விடியலில் ஒரு பணம் கூலி பேசி ஆட்களை அமர்த்துகிறான். பின்னர்ப் பல வேளைகளிற் கடைத்தெருவிற்குச் சென்று, வேலையின்றி நின்றோரையும் அழைக்கிறான். பொழுது சாயும் நேரத்திற்குச் சற்று முன் வந்தவர்க்கும் மாலையில் அதே ஒரு பணம் கொடுக்கிறான். நாள் முழுதும் வெயில் சுமந்தவர் முறுமுறுக்கின்றனர். தேவாலயங்களில் இவ்வுவமைக்குப் பெரும்பாலும் உரைக்கப்படும் பொருள், வாழ்நாளின் இறுதியில் மனந்திரும்புவோனுக்கும் முத்தி உண்டு என்பது. அப்பொருள் பிழையன்று. ஆனால் மடுல்சீமைத் தொழிலாளியின் செவியில் அது வேறாகவே விழும். தோட்டத்தில் ஒரு நாட் கூலிக்குப் ‘பேர்’ என்று பெயர். செக்றோலில் முழுநாள் எழுதப்பட்டால் முழுப்பேர். பறித்த கொழுந்து குறித்த நிறையிற் குறைந்தால் அரைப்பேர். மழையால் மலையில் இறங்க முடியாத நாளிலும், தளிர் விடாத வறட்சி நாளிலும், நோயுற்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிந்தி வந்த நாளிலும் விழுவது அரைப்பேர். அவளுக்கு இவ்வுவமையைச் சொன்னால், பிந்தி வந்தவளுக்கும் முழுப்பேர் போட்ட ஒரு தோட்டக்காரனின் கதையாகவே அது விளங்கும். ஏனெனிற் பிந்தி வந்தவளின் அடுப்பிற்கும் வேண்டுவது ஒரு நாளரிசி.

அதே உவமையிற் கத்தியின் மறுமுனையும் உண்டு. முறுமுறுத்தோரை நோக்கி அவ்வுடையவன், தன் பொருளைத் தன் விருப்பப்படி செய்யத் தனக்கு உரிமையில்லையா என்று கேட்கிறான். இவ்வொரு வினாவை மட்டும் துரை ஒருவன் செவிமடுத்திருப்பின், அக்கணமே ஞானஸ்நானம் பெற ஒருப்பட்டிருப்பான்! நூல் ஒன்றே, வாசிப்பவன் நிற்கும் இடமே பொருளை வேறுபடுத்துகிறது. யாக்கோபின் நிருபத்து ஐந்தாம் அதிகாரம் இத்தகைய ஐயத்திற்கு இடந்தராது. அறுவடை செய்த கூலியாட்களுக்குக் கொடாமல் நிறுத்திய கூலியே கூக்குரலிடுகிறது என்பது அதன் கருத்து. எனவே, கிறித்தவத்தில் நீதியின் குரல் இல்லை என்பார் கூற்று நூலளவிலேயே பொய்த்துவிடும். அக்குரல் எழுந்த இடங்களும் உள. ஆண்ட்ரூஸ் பாதிரியார் பிஜித் தீவிற்குச் சென்று ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமையை வெளிப்படுத்தினார். 1920இன் தொடக்கத்தில் அம்முறை அங்கு ஒழிந்தது. குரல் நூலில் இருந்தது. தோட்டத்தில் ஏன் நெடுங்காலம் எழவில்லை என்பதே வினா.

அதற்கு விடை காண ஊவாவின் பிற்கால வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற சமயப் பள்ளிகள் பெரும்பாலும் அரசுடைமையாயின. திருச்சபைகள் அதனைப் பேரிழப்பாகக் கருதிப் போராடின. தோட்டப் பள்ளிகளோ அப்போதும் தோட்டங்களிடமே கிடந்தன. 1945இன் இலவசக் கல்வியும் அங்கு முழுமையாக எட்டவில்லை. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, அப்பதிற்றாண்டின் பிற்பகுதியில் அரசு அப்பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. கல்லூரிகளைக் காக்க வீதிக்கு வந்த பக்தி, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகிய தோட்டத்து மக்களுக்காக அத்துணை வேகத்தோடு வீதிக்கு வரவில்லை என்பது கசப்பான உண்மை.

பள்ளிகள் கையைவிட்டுப் போன பின்னரே புதியதொரு திருப்பம் நேர்ந்தது வியப்பிற்குரியது. லியோ நாணாயக்கார என்னும் பெனடிக்ற் சபைத் துறவி 1959 முதற் கண்டி மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர். 1972 டிசம்பரிற் பதுளை தனி மறைமாவட்டமாக்கப்பட்டபோது, புகழும் வளமும் மிக்க கண்டியை விட்டு வறிய பதுளைக்குத் தாமே விரும்பி வந்தார். அஃது இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) முடிந்து புதிய எண்ணங்கள் பரவிய காலம். தென் அமெரிக்காவில் விடுதலை இறையியல் பேசப்பட்டது. கண்டியில் இயேசு சபைப் பாதிரியார் போல் கஸ்பேர்ஸ் 1972இற் ‘சத்தியோதய’ நிலையத்தை நிறுவிச் சிங்களக் கிராமத்தவரையும் தோட்டத் தமிழரையும் ஒருங்கு சேர்க்க முயன்றார். அதற்கு அடுத்த ஈராண்டுகளிலேயே உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைச் சூறையாடியது; பட்டினியால் மக்கள் மாண்டனர். லியோ ஆயர் பண்டாரவளையிற் ‘சேவக செவண’ என்னும் குருமாணவர் இல்லத்தை அமைத்து, நாட்டுமொழியில், வறியோரின் நடுவே இருந்து கற்கும் முறையைப் புகுத்தினார். மேற்றிசை மொழியில் மெய்யியல் பயின்று மக்களிடமிருந்து அகன்று நிற்கும் குருமாரை உருவாக்குதல் அவர் கருத்தன்று. 1982இல் மறையும் வரை அவர் அவ்வழியினின்றும் பிறழவில்லை.

அவ்வில்லத்திற் கற்பித்தவருள் ஒருவர் மைக்கல் றொட்றிகோ பாதிரியார். அவர் 1980இல் ஊவாவின் தாழ்நிலமாகிய புத்தளைப் பக்கத்து அலுகல்வித்தக் கிராமத்திற்குச் சென்று குடில் அமைத்தார். அங்கு வாழ்ந்தோர் சிங்கள பௌத்த உழவர். அவர்களுள் எவரையும் மதம் மாற்ற அவர் முயலவில்லை, விகாரைத் துறவியரோடு உரையாடினார், பிள்ளைகட்குக் கற்பித்தார், உழவரின் நிலத்தை விழுங்க வந்த பெருங்கரும்புத் தோட்டத் திட்டங்களின் தீமையை எடுத்துரைத்தார். 1987 நவம்பர் 10ஆம் நாள், பூசை நிகழ்த்திக் கொண்டிருந்த இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சோறும் மருந்தும் மட்டும் கொடுத்திருப்பின் அவர்மேற் குண்டு பாய்ந்திராது என்று கருத இடமுண்டு. நூறாண்டுக்கு முன் துரையின் இசைவோடு தோட்டத்துள் நுழைந்த உபதேசியாருக்கும் இவருக்கும் வேதம் ஒன்றே. இவர் யாருடைய இசைவையும் பெற்று அங்கு செல்லவில்லை. கட்டடமும் இல்லை, மானியமும் இல்லை, இழப்பதற்குக் கல்லூரியும் இல்லை. ஆகவே, நீதிக்கு அடிப்படையாதற்கு நம்பிக்கை மட்டும் போதாது. நம்புவோன் எவனுடைய உப்பைத் தின்கிறான் என்பதையும் கூட்டி எண்ணல் வேண்டும் என்பது பெறப்படும்.

இவ்வளவும் படித்த சைவ மாணவர், குறை முழுவதும் பிறர் சமயத்தின்பாற்பட்டது என்று மகிழ்வாராயின் அது பேதைமை. ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிற் துணைநின்று, அவர் பள்ளியின் முறையை நுணுகிக் கற்று, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இந்துக் கல்லூரிகள் அனைத்தும் அவ்விதையின் கிளைகள். ஆனால் அக்கிளைகள் எந்நிலத்தில் நிழல் விரித்தன? யாழ்ப்பாணத்திலும் நகரங்களிலும் உயர்ந்தோர் பிள்ளைகட்கே முதலில் நிழல் கிடைத்தது. 1930ஐ அடுத்து, உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டும் என ஆணை எழுந்தபோது, அதனை எதிர்த்து விண்ணப்பித்த சைவப் பெருமக்கள் உண்டு. மிஷன் கல்வி தொடங்கி நூறாண்டு கழிந்தும் அவ்வாணை தேவைப்பட்டது என்பது மிஷனுக்கு இழுக்கு. அதனை எதிர்த்தது சைவத்திற்கு இழுக்கு. மலையகத்தில் மாரியம்மனையும் முருகனையும் வணங்கிக் காமன் கூத்தாடிய மக்களை நாடி, மிஷன் உபதேசியார் நடந்த தூரம் நடந்த சைவப் பிரசாரகர் எத்துணையர்? நாவலர் வழியில் வந்த கல்லூரிகளின் மலர்களில் இவ்வினா அதிகம் இடம்பெற்றதில்லை.

தோட்டப் பள்ளியின் பயனை எண்ணிக்கையால் அளப்பதினும் ஓர் எழுத்தாளரைக் கொண்டு அளத்தல் தெளிவு தரும். தெளிவத்தை ஜோசப் (1934–2022) பதுளை மாவட்டத்தில் ஹாலி-எலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர். கத்தோலிக்கர், தந்தையார் தோட்டப் பள்ளி ஆசிரியர். ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் நாவல் 1974இலும், ‘நாமிருக்கும் நாடே’ என்னும் சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன. துரை கொடுத்த ஒற்றை அறையில் தந்தை கற்பித்த எழுத்து, மகன் கையில் துரைத்தனத்தையே எழுத்திற் பதிந்தது. அவரது ‘மீன்கள்’ என்னும் சிறுகதை, வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் முடங்கிக் கிடக்கும் கணவன் மனைவியின் நாணத்தைச் சொல்வது. அதிற் சமயபோதனை இல்லை. இரக்கம் வேண்டும் கெஞ்சுதலும் இல்லை. லயத்தின் சுவர் எங்கே வைக்கப்பட்டது, ஏன் அங்கே வைக்கப்பட்டது என்னும் கேள்வி மட்டும் வாசகன் நெஞ்சில் நின்றுவிடுகிறது. உபதேசியார் சொல்லாமல் விட்டதை ஆசிரியர் மகன் சொன்னார். அவ்வெழுத்தை அவர் கற்றது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துச் சூழலில் என்பதையும் மறைத்தலாகாது. தொண்டு விதைத்தது முறையாக முளைத்தற்கு ஒரு தலைமுறை சென்றது.

இப்பொழுது மடுல்சீமைத் தோட்டங்களின் பள்ளிகள் அரசுப் பள்ளிகள். 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்றோர் என்னும் பெயர் நீங்கியது. பள்ளியின் உடைமை பற்றித் திருச்சபையும் மன்றங்களும் வாதிட இனி இடமில்லை. எஞ்சியிருப்பவர் ஆசிரியரே: கிறித்தவர், சைவர், பௌத்தர், இசுலாமியர் எனப் பலர். தோட்டத்து ஆசிரியரிடம் இரண்டு ஏடுகளின் கதை உண்டு. முற்காலத்திற் பத்து வயதை எட்டிய பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் அடிக்கப்பட்டுச் செக்றோலில் ஏறியது. பின்னாளிற் பதிவேட்டில் அடிக்கப்பட்ட சிறுமியின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாமற் கொழும்பு வீடொன்றன் சமையலறைக்குச் சென்றது. அடுத்தடுத்து மூன்று நாள் வெற்றிடமாகக் கிடக்கும் பெயருக்கு நேரே சிவப்பு மையாற் கோடிட்டு ஏட்டை மூடுவாரும் உளர். பள்ளி விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு லயத்துப் படிகளில் இறங்கி, அடுப்படியில் நிற்கும் தாயிடம் பிள்ளை எங்கே என்று கேட்பாரும் உளர்.